இங்கிலீஷ் வகுப்பில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நொடி: உங்கள் அனுபவம்?

சுண்ணக்கட்டி

இறந்த கால இலக்கணத்துக்கான ஜோடிப் பயிற்சி, நேற்று என்ன செய்தீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். ஒரு மாணவர் "எஸ்டர்டே ஐ கோ டு ஆபீஸ்" என்றார். "ஓ, யூ வென்ட் டு ஆபீஸ்?" என்று திருத்திச் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்து, "எஸ் எஸ், ஐ கோ டு ஆபீஸ்!" திருத்தியது அவருக்குத் திருத்தமாகவே படவில்லை. ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். இத்தனைக்கும் எழுதச் சொன்னால் 'வென்ட்' என்று சரியாக எழுதுகிறவர். அந்த "எஸ் எஸ்" மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உங்கள் வகுப்பில் இப்படி நின்றுபோன நொடியைப் போடுங்கள்.

மாலை வகுப்பு

தப்பைச் சுட்டிக் காட்டாம சரியான வடிவத்தை நாமளே திருப்பிச் சொல்றதுக்குப் பேரு ரீகாஸ்ட். எல்லா வகுப்புலயும் நடக்கறதுதான். லிஸ்டர், ராண்டான்னு ரெண்டு ஆய்வாளர்கள் கனடாவில பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவு பண்ணி 1997ல எழுதினாங்க. ஆசிரியர்கள் செஞ்ச திருத்தங்கள்ல 55 சதவீதம் இந்த வகை. மாணவர்கள் கண்டுக்கிட்டு பதில் கொடுத்தது இதுலதான் ரொம்பக் குறைவு.

உங்க மாணவர் சொன்ன வாக்கியத்தையே எடுத்து, தப்புக்கு முன்னாடி நிறுத்துங்க. "எஸ்டர்டே ஐ…" அவ்வளவுதான். இறந்த காலம்னு கை தோளுக்குப் பின்னால காட்டட்டும், வாய் மூடியிருக்கட்டும். மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. வரலைன்னா "கோவா, வென்ட்டா?"ன்னு ரெண்டைக் கொடுங்க. 'வென்ட்'னு ஒரு சொல்லோட விட்டுடாதீங்க, முழு வாக்கியத்தையும் முதல்லேர்ந்து சொல்ல வைங்க. அப்பதான் நாக்குல நிக்கும்.

அந்த அஞ்சு எண்ணறதுதான் கஷ்டம். மேரி பட் ரோங்கற ஆய்வாளர் 1970கள்ல அறிவியல் வகுப்புகள்ல பார்த்தது: கேள்வி கேட்ட ஆசிரியர் சுமார் 1 நொடிதான் காத்திருக்கார். அதை 3 நொடியாக்கினதும் பதில்கள் நீண்டுது. இன்னொரு மொழியில வாக்கியம் கட்டறவங்களுக்கு 3 கூடப் பத்தாது. எனக்கு நிக்கற நொடி இதுதான்: ஒரு பொண்ணுக்கு நாலாவது எண்ணிக்கையில உதடு அசைஞ்சுது, சத்தம் வர்றதுக்குள்ள பக்கத்து பெஞ்ச் பதிலைக் கத்திடுச்சு. உதடு மூடிக்கிச்சு. அதனால கேள்வி முதல்ல, அப்புறம் மௌனம், கடைசியாத்தான் பேரு. பேரை முதல்ல சொன்னா மத்தவங்க யோசிக்கறதை விட்டுடறாங்க, இல்லைன்னா முந்திக்கறாங்க.

கடைசி பெஞ்ச்

மாலை வகுப்பு சார், இதை ஒத்துக்க முடியலை. எல்லாத் தப்புக்கும் நிறுத்தினா யார் வாயைத் திறப்பாங்க? ஒரு அம்மா தன் குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வர்றதைச் சொல்லிட்டு இருந்தாங்க. "ஷி ஹேவ்…"ங்கற இடத்துல "ஷி…?"ன்னு நிறுத்தினதும், "நத்திங் சார்"னு உட்கார்ந்துட்டாங்க. மிச்சக் கதை வரவே இல்லை.

நிறுத்தித் திருத்தறது இலக்கணப் பயிற்சிக்கு. பேச்சு ஓடும்போது கையில ஒரு நோட்டு போதும். 10 நிமிஷம் பேச விட்டு, கேட்டதை அப்படியே குறிச்சுக்கிட்டு, கடைசி 5 நிமிஷத்துல போர்டுல 6 வாக்கியம் எழுதுங்க. நாலு தப்பு, ரெண்டு சரி. யார் சொன்னதுன்னு எழுதக் கூடாது. ரெண்டு பேரா உட்கார்ந்து எது எதுன்னு கண்டுபிடிக்கட்டும். அந்த ரெண்டு சரியானது அவசியம், இல்லைன்னா எதைப் பார்த்தாலும் தப்புன்னு அடிச்சுட்டுப் போயிடுவாங்க. 'ஷி ஹேஸ்', 'ஹி கோஸ்' எல்லாம் விதி தெரிஞ்ச பிறகும் பேச்சுல ரொம்பத் தாமதமாத்தான் வந்து உட்காரும். அதுக்காகக் காய்ச்சல் கதையை நிறுத்த வேண்டாம்.

காகிதத் துண்டு

ஒரு மாணவர் 'பின்' (pin) என்றார், குண்டூசி. எதிரே இருந்தவர் காதில் அது 'bin' என்று விழ, குப்பைத் தொட்டியை நகர்த்தினார். மூன்று முறை சத்தமாகச் சொல்லியும் தொட்டிதான் வந்தது.

இதில் சத்தம் உதவாது. ஆங்கிலத்தில் அசை அழுத்தத்தோடு சொல் தொடக்கத்தில் வரும் வல்லின 'ப்' ஒரு காற்று வெடிப்போடு வரும். தமிழ் 'ப'வில் அந்தக் காற்று இல்லை, அதனால் ஆங்கிலக் காதுக்கு மெல்லிய 'b' ஒலியாகவே விழுகிறது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு கிழித்து, மேல்நுனியைப் பிடித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். குண்டூசிக்குக் காகிதம் துள்ள வேண்டும், தொட்டிக்குச் சும்மா இருக்க வேண்டும். காகிதம் முதல்முறை துள்ளியபோது அவர் பேசுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்விக்குறி

எல்லாரும் தப்பு வந்த பிறகு என்ன செய்யறதுன்னே பேசறீங்க. தப்பு எங்கேர்ந்து வருதுன்னும் பார்க்கணும்.

"டிட் யூ வென்ட்?" எத்தனை தடவை கேட்டிருப்போம்! 'போனாய்'ங்கறதோட ஒரு 'ஆ' சேர்த்தா 'போனாயா', கேள்வி தயார். காலம் வினைச்சொல்லை விட்டு நகரவே இல்லை. அதனால 'டிட்'டை வெறும் கேள்விக் குறியா நினைச்சு, 'வென்ட்'டைத் தொடாம முன்னாடி ஒட்டிடறாங்க. ரெண்டு அட்டை எடுங்க, ஒண்ணுல டிட், ஒண்ணுல கோ. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா வென்ட். கேள்வின்னா மேல் அட்டையை உருவி முன்னாடி வைங்க, கீழே 'கோ' மட்டும் மிஞ்சும். 'டிட் நாட் கோ'வுக்கும் அதே அட்டைதான்.

அப்புறம், சொல்லிக் கொடுத்துட்டு "புரிஞ்சுதா?"ன்னு கேட்கறதை விட்டுடுங்க. தலை ஆடும், அதுல ஒண்ணுமே தெரியாது. "ஹி யூஸ்டு டு ஸ்மோக்"னு சொல்லித் தந்தா மூணு கேள்வி கேளுங்க: இப்போ புகைக்கிறாரா? முன்னாடி புகைச்சாரா? ஒரு தடவையா, பழக்கமாவா? ஒரு வகுப்பு முழுக்கத் தலையாட்டிட்டு, முதல் கேள்விக்கே பாதிப் பேர் "ஆமா"ன்னாங்க. 'யூஸ்'னா பயன்படுத்தறதுதானே, இப்பவும் பயன்படுத்தறார்னு எடுத்துக்கிட்டாங்க! கேள்விக்குள்ள அந்தப் புதுச் சொல்லே வரக் கூடாது, பதிலும் ஓரிரு சொல்லுல முடியணும்.

சுண்ணக்கட்டி

கடைசி பெஞ்ச் சொல்வதும் சரி, மாலை வகுப்பு சொல்வதும் சரி. நம்மாள் செய்தது இலக்கணப் பயிற்சி, அங்கே நிறுத்தியிருக்கலாம். காகிதத் துண்டு, 'கேப்'புக்கும் (cap, தொப்பி) இதே முறைதானா? காகிதம் ஆடவே இல்லையே.

காகிதத் துண்டு

அதற்குக் காகிதம் போதாது. 'க்' நாக்கின் பின்பகுதியில் வெடிப்பதால் உதட்டருகே காற்று தணிந்துவிடும். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைக்கச் சொல்லுங்கள், சூடு தெரியும். இன்னொன்று, பழகியவுடன் எல்லா 'ப்'புக்கும் ஊத ஆரம்பிப்பார்கள். 'ஸ்பின்' சொல்லச் சொல்லிப் பாருங்கள். 'ஸ்' முன்னால் வந்தால் காகிதம் அசையக் கூடாது.