ஒன்றரை ஷிப்ட் ஒன்றானபோது

பனியன் டைலர், திருப்பூர்:
பத்து வருடமாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை 8.30க்குப் போய் இரவு 8.30க்கு வெளியே வருவது. ஒரு ஷிப்டோடு நிறுத்தினால் வாடகைக்கே சரியாகிவிடும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. எங்கள் கம்பெனி முழுக்க அமெரிக்க ஆர்டர். செப்டம்பர் முதல் வாரமே சூப்பர்வைசர், "இனி ஒரு ஷிப்ட்தான், அஞ்சரைக்கே கிளம்பிக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

வெயில் இருக்கும்போதே கேட்டைத் தாண்டியது கூச்சமாக இருந்தது, திருட்டுத்தனமாக ஓடி வந்தது மாதிரி. வாசலில் மகள், "ஏம்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள். அந்த வாரம் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன், முருங்கைக்கீரை உருவினேன். அவள் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறுகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

சனிக்கிழமை சம்பளத்தை எண்ணினால் மூன்றில் ஒரு பங்கு காணோம். அடுத்த திங்களிலிருந்து அஞ்சரைக்கு மேல் பக்கத்துத் தெரு பவர் டேபிளில், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறையில், தைக்கிறேன். பழையபடி ஒன்பது மணிக்குத்தான் வீடு.

பிரஸ் ஷாப் தொழிலாளி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம்:
எங்களுக்கு வேறு மாதிரி ஆசை காட்டினார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியது. வாரம் 48 மணி மாறாது, நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்றார்கள். கான்டீனில் தென்மாவட்டத்துப் பசங்களுக்குக் கொண்டாட்டம், வாராவாரம் ஊருக்குப் போகலாமே என்று. எனக்குப் பயம்தான். எட்டாவது மணி நேரத்தில் என் கை தளர்ந்துவிடும், தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷின் தளராது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதல்வர் வாபஸ் என்று அறிவித்தார். பசங்க ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை!

டைலர் அண்ணே, ஒன்று கேட்கணும். அப்போது இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ போனால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். உங்கள் அரை ஷிப்டுக்கு அது வந்ததா?

பனியன் டைலர், திருப்பூர்:
இரட்டையா? அரை ஷிப்டுக்கு அரைச் சம்பளம், அப்புறம் ஒரு டீ, ஒரு பன்.