பொருள்: போஸ்ட்ஹியூமனிசம் – ‘பின்மானுடவியல்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மனிதனையே எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைப்பதை மறுக்கும் சிந்தனையான போஸ்ட்ஹியூமனிசம் பற்றித் தத்துவவாதி ரோசி பிரைடோட்டி 2013-இல் எழுதிய நூலை மூன்று வாரமாகப் படிக்கிறேன். துறைக்குப் புதியவள். இயந்திர மனிதர்கள், சாவை வெல்லும் மருந்து என்றெல்லாம் எதிர்பார்த்துத் திறந்தேன். நூலோ டாவின்சியின் படத்தருகே என்னை நிறுத்தியது: வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகால் விரித்து நிற்கும் ஓர் ஆண். ‘மனிதன்’ என்று ஐரோப்பா அளவுகோலாக வைத்தது அந்த உடலைத்தான். பெண்களும் அடிமைப்படுத்தப்பட்டவர்களும் விலங்குகளும் அதன்படி அளக்கப்பட்டே குறைந்துபோனார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் போஸ்ட்ஹியூமனிசத்துக்குத் தமிழ்ச் சொல்லாக இக்குழுவில் முன்பு முன்வைக்கப்பட்ட ‘பின்மானுடவியல்’, ‘பின்மனிதநேயம்’ என்ற இரண்டும் எனக்கு இடறுகின்றன. மானுடவியல் என்றால் நமக்கு ஆந்த்ரபாலஜி. ‘பின்மானுடவியல்’ அதன் தொடர்ச்சி போல ஒலிக்கிறது. ‘பின்மனிதநேயம்’ அதைவிட ஆபத்தானது. இரக்கத்தைக் கைவிடச் சொல்லும் கொள்கை என்றே வாசகர் எண்ணுவார். கைவிடப்படுவது நேயம் அல்ல, அளவுகோல். ‘பின்மானுடவாதம்’ எனலாமா?

---

அன்புள்ள சகோதரிக்கு,

‘வாதம்’ சேர்த்தது நன்று. ஆனால் எங்கே பிரிப்பது? மானுடவாதத்துக்குப் பின் வந்தது என்றும் கொள்ளலாம், பின்மானுடர் பற்றிய வாதம் என்றும் கொள்ளலாம். இரண்டாவதாகப் பிரித்தால் நீங்கள் எதிர்பார்த்த இயந்திர மனிதர்களே திரும்பி வருவார்கள். அது டிரான்ஸ்ஹியூமனிசம், அதாவது தொழில்நுட்பத்தால் மனித உடலின் எல்லைகளைக் கடக்க விரும்பும் கொள்கை; அதற்கு ‘மீமானுடவாதம்’ இருக்கட்டும். போஸ்ட்ஹியூமனிசத்துக்கு, மனிதனை மையத்திலிருந்து விலக்குவது என்ற பொருளில், ‘மானுட மையவிலக்கு’ என்பது என் பரிந்துரை. பள்ளி இயற்பியலில் மையவிலக்கு விசை படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

---

ஐயா,

மையவிலக்கு அழகான சொல். ஆனால் பின்நவீனத்துவம், பின்காலனியம் என்ற வரிசையோடு உள்ள உறவு அதில் அறுந்துவிடுகிறதே.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கச் சிந்தனையாளர் டோனா ஹாரவே தம் பெண் நாய் கேயெனைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரு பத்தியை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். ‘கேயென் வந்தது’ என்று எழுதிய கணமே, நாயும் மனிதரும் ஒருவருக்கொருவர் தோழமை உயிர்கள் என்ற அவருடைய வாதம் முழுவதும் கவிழ்ந்துவிட்டது. நம் வினைமுற்றே திணையைத் தீர்மானித்துவிடுகிறது. ‘அஃறிணை என்மனார் அவரல பிறவே’ என்ற தொல்காப்பிய அடியில், மக்கள் அல்லாதவை என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு அடையாளம் இல்லை.

---

சகோதரி,

அதே இலக்கணம் வழியும் விட்டிருக்கிறது. பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் ‘என் அம்மை வந்தாள்’ என்பதைத் திணை வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘உவப்பினும் உயர்வினும்’ என்று தொடங்கும் நன்னூல் நூற்பாவைப் பாருங்கள். கேயெனுக்கு அது போதும்.

---

ஐயா, மிக்க நன்றி. அந்த எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். இவ்வளவு பெரிய கதவு என்று தெரியவில்லை.

கட்டுரையில் ‘பின்மானுடவாதம்’ என்றே எழுதுகிறேன். முதலில் வரும் இடத்தில் உங்கள் மையவிலக்கை விளக்கமாகச் சேர்க்கிறேன். கேயென் வந்தாள் என்று திருத்திவிட்டேன்.