ப்ரோ வெர்ச்செல்லி: 1922 பட்டம் யார் கணக்குல?

கோட்டையூர் கோலி:
எங்க கால்பந்துக் கழக ஆண்டுமலர்ல சின்ன ஊர் சாம்பியன்களுக்குன்னு ஒரு பக்கம் வருது. முதல்ல இத்தாலியோட ப்ரோ வெர்ச்செல்லி. 1921-22 பட்டத்தை ஒரு பட்டியல் இவங்களுக்குக் கொடுக்குது, இன்னொண்ணு நொவேசேன்னு சொல்லுது. எது சரி? 1910 ஃபைனல்ல சின்னப் பசங்களை இறக்கினாங்களாமே, நிஜமா? இவ்வளவு ஜெயிச்ச டீம் பிறகு ஏன் படுத்துருச்சு?

கானாடுகாத்தான் பேரேடு:
ரெண்டுமே சரிதான் தம்பி. முதல் டிவிஷன்ல டீம் எண்ணிக்கையைக் குறைக்கணும்னு பிற்பாடு இத்தாலி அணிக்குப் பயிற்சியாளரான விட்டோரியோ பொஸ்ஸோ போட்ட திட்டம் தோத்துப்போச்சு. பெரிய கிளப்புகள் பிரிஞ்சு போய் சி.சி.ஐ.ங்கிற பேர்ல தனியாப் போட்டி நடத்துச்சு. அதுல ஜெயிச்சது ப்ரோ வெர்ச்செல்லி. இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தின போட்டியில ஜெயிச்சது நோவி லிகுரே ஊர் டீம் நொவேசே. ஃபைனல் ரெண்டு தடவை 0-0. மூணாவது ஆட்டத்துல, கிரெமோனாவுல, சாம்பியெர்தரெனேசேயை 2-1 ஜெயிச்சாங்க. ரெண்டு பட்டமும் செல்லும். பேரேட்டுல ஒரே வருஷத்துக்கு ரெண்டு வரவு, அவ்வளவுதான்.

அட்டவணையில 1908, 1909, 1911, 1912, 1913, 1921, 1922, ஆக 7. நடுவுல 1910-ஐயும் சேர்த்து 8 ஆக்கிடாதீங்க, அது மிலான் ஊர் கிளப் இன்டரோடது. 1908-க்கு ஒரு அடிக்குறிப்பு வேணும்: வெளிநாட்டு வீரர்களுக்குத் தடை போட்டதால ஜெனோவா, மிலான், டொரினோ அந்த வருஷம் ஆடல.

தேவகோட்டை லெஃப்ட் விங்:
1910 நிஜம்தான். இன்டரும் இவங்களும் சம புள்ளி. பட்டத்தை முடிவு பண்ண ஏப்ரல் 24-ல ஆட்டம் வச்சாங்க. வீரர்கள் சிலர் ராணுவ அணிகளோட போட்டிக்குப் போகணும், தேதியை மாத்துங்கன்னு ப்ரோ வெர்ச்செல்லி கேட்டுச்சு. மறுத்துட்டாங்க. அந்தக் கோபத்துல பள்ளிக்கூட வயசுப் பசங்களை இறக்கிவிட்டாங்க. 10-3. பத்து வாங்கினதை விடுங்க, அந்தப் பொடியன்கள் மூணு அடிச்சிருக்காங்க பாருங்க!

மூணு வருஷம் கழிச்சு, 1913 மே 1, பெல்ஜியத்தை இத்தாலி 1-0 ஜெயிச்ச ஆட்டம். பதினொரு பேர்ல ஒன்பது பேர் வெர்ச்செல்லிக்காரங்க. காரைக்குடி ஜனத்தொகையில பாதிகூட இல்லாத ஊர்ல இருந்து! மலர்ல இதைப் பெரிய எழுத்துல போடுங்க.

கானாடுகாத்தான் பேரேடு:
படுத்ததுக்குக் காரணம் பணம். வெர்ச்செல்லி நெல்லு விளையுற ஊர், கவூர் கால்வாய்ப் பாசனம். யுவென்டஸுக்கு 1923-ல ஃபியட் அக்னெல்லி குடும்பம் வந்துருச்சு. அதே வருஷம் தடுப்பாட்டக்காரர் ரொசெட்டாவை இவங்ககிட்ட இருந்து இழுத்துக்கிட்டாங்க. 1926-ல இத்தாலியக் கால்பந்து விதிகளை மாத்தி எழுதின வியாரெஜ்ஜோ சாசனத்துக்கு அப்புறம் காசு வாங்கி ஆடுறது வெளிப்படையாவே நடந்துச்சு, சொந்த ஊர்ப் பசங்களை வச்சு ஓட்டுற கிளப்பால ஈடுகொடுக்க முடியல. கடைசியா கோல் அடிக்கிற முன்கள வீரர் சில்வியோ பியோலா. 1934-ல லாட்ஸியோவுக்குப் போனார், மறுவருஷமே டீம் முதல் டிவிஷனான சீரி ஆ-வுல இருந்து இறங்கிருச்சு. இன்னைக்கு வரை திரும்ப ஏறல. 2012-ல ரெண்டாவது டிவிஷனான சீரி பி வந்ததே 64 வருஷம் கழிச்சு.

தேவகோட்டை லெஃப்ட் விங்:
ஒண்ணு விட்டுப்போச்சு. பேர்ல இருக்கிற ‘ப்ரோ’ புரொஃபஷனல் இல்ல, ‘வெர்ச்செல்லிக்காக’ன்னு அர்த்தம். 1892-ல உடற்பயிற்சிச் சங்கமா ஆரம்பிச்சது, கால்பந்துப் பிரிவு 1903-ல. தொடக்க ஆண்டு போடும்போது எதுன்னு தெளிவா எழுதிருங்க. ஜெர்சி வெள்ளை; படம் வரையிறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கறுப்புல வெள்ளை நட்சத்திரம் வச்சது பக்கத்து ஊர் காசாலே.