மொட்டை மாடி நீச்சல் குளம், இத்தாலியன் மார்பிள்: எதை வெட்டுவது?

வடவள்ளிவாசி:
கோவையில் 4,500 சதுரடியில் வீடு கட்டுகிறேன். மேல்தளம் கான்கிரீட் முடிந்தது, செலவு அதற்குள் பட்ஜெட்டைவிட 35 லட்சம் கூடிவிட்டது. இன்னும் பாக்கி இருப்பது கீழே முழுக்க இத்தாலியன் மார்பிள், ஹோம் தியேட்டர், மேற்குப் பார்த்த டபுள் ஹைட் (இரண்டு மாடி உயர) ஹாலுக்குத் தரையிலிருந்து மேல் வரை கண்ணாடி, அப்புறம் மொட்டை மாடியில் நான்கடி ஆழத்தில் நீச்சல் குளம் (இது போன மாதம் மச்சான் கிளப்பிவிட்ட ஆசை). கான்ட்ராக்டர் என்னவென்றால், "வாட்டர்ப்ரூஃபிங்கைக் குறைச்சுக்கலாம் சார், வெளிய தெரியாத வேலைதானே" என்கிறார். எதை வெட்டலாம்?

சைட் இன்ஜினியர்:
மேலே குளம், கீழே வாட்டர்ப்ரூஃபிங் கட். நல்ல ஆளைப் பிடித்திருக்கிறீர்கள் :) போன மாதம் வந்த ஆசை என்றால் டிராயிங்கில் குளம் இருந்ததா? சாதாரண மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்றுதான் கணக்குப் போடுவார்கள், நான்கடித் தண்ணீர் மட்டுமே 1,200 கிலோ வரும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

ரசப்பிரியை:
மார்பிள் போட்டு அனுபவிக்கிறோம். பொங்கலுக்கு வந்த அண்ணன் பையன் எலுமிச்சை ஜூஸ் டம்ளரைத் தரையில் வைத்தான், அடியில் வழிந்திருந்தது, துடைத்துப் பார்த்தால் வட்டமாக மங்கல். கறை என்றால் தேய்க்கலாம், இது பாலிஷே போய்விட்டது. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்புப் பட்டால் அரிக்கும். ரசமும் மோரும் புழங்குகிற இடத்திலாவது கிரானைட் போடுங்கள், அது புளிப்புக்கு அசையாது. அம்மா இப்போது ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணிவெடி மேல் நடப்பது போல நடக்கிறார்.

காற்றுவாங்கி:
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா வருகிற ஊரில், மேற்கே திறக்காத கண்ணாடியை வைத்துவிட்டு உள்ளே ஏசியா? சாயங்கால வெயில் நேரே ஹாலுக்குள்தான் இறங்கும். திறக்கிற ஜன்னல், மேலே அகலமாக ஒரு சன்ஷேடு, போதும்.
தியேட்டர் பற்றிக் கேட்டால், எங்கள் வீட்டுத் தியேட்டரில் மழைக்காலத்தில் துணி காய்கிறது.

வடவள்ளிவாசி:
இன்ஜினியரிடம் பேசினேன். குளமா, எந்தக் குளம் என்று கேட்டார். அதை விட்டாச்சு. மார்பிள் ஹாலோடு நிற்கும். தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் முழுசாகச் செய்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் மேலே தட்டோடு (மொட்டை மாடி ஓடு) பதிப்பது. கண்ணாடி விஷயம் வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை, அந்த டிசைன் அவள் எடுத்தது.