தெங்காவில் வீடு கிடைத்திருக்கிறது. புது நகரம் முழுசாக எத்தனை வருஷம் ஆகும்?

தெங்கா_புதுவீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குச் சிங்கப்பூரின் மேற்கே புதிதாக எழும் தெங்காவில் நாலறை வீடு. அடுத்த வருஷத் தொடக்கத்தில் சாவி. மனைவி முழுகாமல் இருக்கிறாள். எனக்கு வேலை நகர நடுவில், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம். இப்போது ஈசூனில் அம்மா, அப்பாவோடு இருக்கிறோம்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தோம். எங்கள் புளோக்குக்கு எதிரே செம்மண் மேடு, தகரத் தடுப்பு, லாரி போவதற்குத் தற்காலிகப் பாதை. ஜூரோங் வட்டார ரயில் பாதைக்குத் தூண் எழுந்திருக்கிறது, ரயில் இன்னும் வரவில்லை. 2016ல் அறிவித்தபோது 700 ஹெக்டர், 42,000 வீடு, கார் நுழையாத நகர மையம், நடுவே 100 மீட்டர் அகலத்துக்குக் காடு என்றெல்லாம் படித்து ஆசையாக விண்ணப்பித்தோம். நேரில் பார்த்ததும் மனைவி முகம் வாடிவிட்டது.

சாவி வாங்கிக்கொண்டு இரண்டு வருஷம் கழித்துக் குடிபோகலாமா என்று யோசிக்கிறோம். வடகிழக்கே பொங்கோல், செங்காங் மாதிரிப் புது நகரங்களுக்கு ஆரம்பத்திலேயே போன அண்ணன், அக்காமார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேற்குவாசி:

நான் தெங்காவில் பிளான்டேஷன் வட்டாரத்தில் குடியிருக்கிறேன். ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டை விற்பதற்கு முன் நாம் குடியிருந்தாக வேண்டிய ஐந்து வருஷக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தைச் சாவி வாங்கிய தேதியிலிருந்து கணக்கிடுவார்கள். ஆனால் நீங்கள் குடியிராத காலம் அதில் சேராது. வீட்டைப் பூட்டி வைத்தால் அந்த இரண்டு வருஷமும் வீண். வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கேட்காமல் முடிவு எடுக்காதீர்கள்.

மற்றபடி, சாமான் வாங்குவது முன்னே பெரும்பாடு. பிளான்டேஷன் பிளாசா கடைத்தொகுதி வந்தபிறகு பரவாயில்லை. காலையில் புக்கிட் பாத்தோக்குக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம் நெரியும்.

பொங்கோல்_அக்கா:

தம்பி, நான் 2004ல் பொங்கோலுக்கு வந்தவள். அதற்கு முன்னால் அங் மோ கியோவில் மாமியார் வீடு. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் லாலாங் புல்தான் தெரியும். மழை விட்டதும் தவளைச் சத்தத்தில் தொலைக்காட்சி கேட்காது. அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணை. பொங்கோல் முனைக்குக் கடலுணவு சாப்பிடப் போவார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊரை வைத்துச் சொன்னால் இருபது வருஷம். பயப்படாதீர்கள், முழுசும் படியுங்கள்.

1996ல் கோ சோக் டோங் பிரதமராக இருந்தபோது பொங்கோலைப் புது நகரமாக்கும் ‘பொங்கோல் 21’ திட்டத்தை அறிவித்தார். மறு வருஷமே ஆசிய நிதி நெருக்கடி. வீட்டுக்குப் பதிந்து வரிசையில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள், கட்டிய வீடுகள் விற்காமல் நின்றன. ஆள் சேர்ந்தால்தான் கட்டுவது என்ற பிடிஓ (BTO) முறையை 2001ல் கொண்டுவந்தார்கள். பழைய வரிசைப் பதிவை மறு வருஷம் நிறுத்தினார்கள். நீங்கள் விண்ணப்பித்த முறையே அந்தக் காலத்துச் சிக்கலிலிருந்து வந்ததுதான்.

ரயில் மட்டும் சொன்னபடி வந்தது. 2003 ஜூனில் வடகிழக்குப் பாதை திறந்தார்கள். ஆனால் எல்லா நிலையமும் திறக்கவில்லை! புவாங்கோக் நிலையம் கட்டி முடித்து மூடியே கிடந்தது, போதிய ஆள் இல்லை என்று. 2005ல் யாரோ, வீண் செலவு என்று கேலி செய்ய, அட்டையில் வெள்ளை யானைகளை வெட்டி நிலையத்துக்கு வெளியே நட்டுவைத்தார்கள், ஊரே அதைப் பற்றிப் பேசியது. 2006 ஜனவரியில் திறந்தார்கள். அதே பாதையில் உட்லீ நிலையத்துக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊருக்குள் சுற்றும் எங்கள் எல்ஆர்டி குட்டி ரயிலில் கிழக்கு வளையம் 2005ல் ஓட ஆரம்பித்தது. மேற்கு வளையத்துக்குத் தூண், தண்டவாளம், நிலையம் எல்லாம் தயாராக இருந்தும் 2014 வரை ரயில் ஓடவில்லை.

அதனால் வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். உங்களைச் சுற்றி எந்தப் புளோக்குகளுக்கு எப்போது சாவி கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கடை வைக்க வருகிறவர் ராத்திரி எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்றுதான் பார்ப்பார். கிளினிக், பாலர் பள்ளி, முடிவெட்டும் கடை எல்லாம் அப்படித்தான். எங்களுக்குப் பக்கத்துப் புளோக்குகளில் ஆள் வந்து நிறைந்த வருஷம்தான் காப்பிக்கடையில் ரொட்டி பராட்டாக் கடையே வந்தது.

2007ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பொங்கோல் திட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 4.2 கிலோமீட்டர் நீர்வழியை 2011 அக்டோபரில் திறந்தார்கள். வாட்டர்வே பாயிண்ட் கடைத்தொகுதி 2016ல், பலதுறை மருந்தகம் 2017ல், வட்டார நூலகம் 2023ல். என் மூத்தவன் பள்ளி நாளெல்லாம் செங்காங் நூலகத்தில் போயிற்று. சின்னவளுக்குத்தான் வீட்டுப் பக்கத்திலேயே நூலகம் கிடைத்தது.

ஆரம்பத்தில் எங்களைத் தாங்கியது அந்த ரயில்தான். சனிக்கிழமை காலை ஏறினால் இறங்குவது லிட்டில் இந்தியாவில், மாற வேண்டியதில்லை. அங்கே தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி, முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை என்று இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்புவேன். வேலை ஊட்ரம் பக்கம், அதுவும் அதே பாதை. பொங்கோல் கடைசி நிலையம் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். செங்காங்கில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டு வருவார்கள், ஹவ்காங்கில் கதவு மூட இரண்டு தடவை முயலும். 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்ததிலிருந்து அந்த முதல் இடம் ஒரு நிலையம் வடக்கே போய்விட்டது.

உங்களுக்கு அந்த ரயில் இன்னும் இல்லை, தம்பி. அது உண்மையான கஷ்டம். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

தோபாயோ_பெரியவர்:

அக்கா சொல்வது சரிதான். ஆனால் ரயிலை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் தோ பாயோவுக்கு எம்ஆர்டி ரயில் வந்தது 1987 நவம்பரில். அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே இங்கே ஆள் குடிவந்தாயிற்று. எப்படித் தாங்கியது? வேலை பக்கத்தில் இருந்தது. என் தங்கை மின்னணுத் தொழிற்சாலைக்கு நடந்தே போய் வந்தாள், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவள். பிறகு கட்டிய ஊர்களில் வீட்டை ஒரு மூலையிலும் வேலையை இன்னொரு மூலையிலும் வைத்துவிட்டார்கள்.

பொங்கோல்_அக்கா:

ஐயா, அதுதான் எங்கள் குறையும். அத்தனை பேரும் காலையில் ஒரே திசையில் போய், சாயங்காலம் ஒரே திசையில் வருகிறோம். இப்போது பொங்கோல் மின்னிலக்க வட்டாரம் என்ற அலுவலகப் பகுதியும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழக வளாகமும் வந்திருக்கின்றன. காலையில் எதிர்த் திசையிலிருந்து பிள்ளைகள் பையோடு இறங்கி வருவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

தெங்காவுக்கும் ஜூரோங் பக்கம்தான் வேலை இடங்கள். தம்பிக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்பதால் தினமும் அலைச்சல். மனைவி எங்கே வேலை பார்க்கிறார்?

தெங்கா_புதுவீடு:

ஜூரோங் ஈஸ்ட்டில் அக்கா. நாளைக்குக் கைப்பிள்ளையோடு வேலைக்குப் போக அவளுக்குத்தான் வீடு பக்கத்தில் தேவை என்பது நீங்கள் கேட்டதும்தான் உறைக்கிறது. மேற்குவாசி அண்ணன் சொன்ன குடியிருப்புக் கால விஷயமும் எங்களுக்குத் தெரியாது, நன்றி. சாவி வாங்கியதும் குடிபோகத்தான் இப்போது மனம் சாய்கிறது. பிரசவத்துக்கு மட்டும் ஈசூனில் அம்மா வீடு.

மேற்குவாசி அண்ணே, பிளான்டேஷன் பக்கம் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறார்களா? இடம் கிடைக்க இப்போதே பதிய வேண்டுமா?

மேற்குவாசி:

பிள்ளை பிறந்ததும் பதிந்துவிடுங்கள், இங்கே எல்லா வீட்டிலும் கைக்குழந்தைதான். தமிழுக்கு ஒவ்வொரு நிலையமாக நேரில் கேட்க வேண்டும். கேட்கிற குடும்பம் நாலைந்து சேர்ந்தால் ஆசிரியரை அனுப்பச் சொல்லி வற்புறுத்தலாம். எங்கள் புளோக்கில் நாங்கள் மூன்று குடும்பம் இருக்கிறோம். தனிச்செய்தி அனுப்புங்கள், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறேன்.