புதுப்பிப்பு: எங்கள் அடுக்ககக் கூட்டத்துச் சண்டை, இந்த மாத நிலவரம்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, தண்ணீர் லாரிச் செலவைப் பங்கிடத் தொடங்கிய கூட்டம் "வாடகைக்கு இருக்கிறவங்க பேசக் கூடாது" என்று போய், ஆளாளுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போன கதை. என்ன விதி வைக்கலாம் என்று கேட்டிருந்தேன்.

வந்த யோசனைகளில் பாதி "மரியாதையாகப் பேசவும்" ரகம். அதை லிஃப்ட்டில் ஒட்டினால் யார் மதிப்பார்கள்? கைகொடுத்தது ஒருவர் சொன்ன ராபர்ட் விதிகள், அதாவது கூட்டம் நடத்தும் முறைகள். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர், 1863இல் தான் தலைமை தாங்கிய கூட்டம் கைமீறிப் போன அவமானத்தில் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்து, 1876இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதிலிருந்து இரண்டே இரண்டு எடுத்தோம்: பேசுவதெல்லாம் தலைவரைப் பார்த்துத்தான் (நம் சட்டமன்றத்து "பேரவைத் தலைவர் அவர்களே" மாதிரி), பேச வாய்ப்புக் கேட்ட எல்லோரும் ஒருமுறை பேசும்வரை யாருக்கும் இரண்டாவது முறை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடி. மூன்றாவது மாடி சார் எதிர்வீட்டு அக்காவிடம் "நீங்க மட்டும் யோக்கியமா" என்று திரும்ப, தலைவராக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர், "சார், என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவரும் திரும்பி, டீச்சரைப் பார்த்து "நீங்க மட்டும்..." என்று ஆரம்பித்து, பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாடகைக்காரர்கள் நான்கு பேர் முதல்முறையாகப் பேசினார்கள். கூட்டம் இரண்டு மணி நேரம் இழுத்தது, அது ஒரு குறைதான். லாரிப் பணம் இன்னும் தீரவில்லை. வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க கொட்டேஷன் கேட்டிருக்கிறோம்.