எட்டு வருடப் பட்டாளம், ஒற்றை வரிக் காரணம்

பட்டாளத்தில் மனநிலை சரியில்லை என்று மெடிக்கலில் போர்டு அவுட் ஆகி, அதாவது மருத்துவ போர்டு தகுதியில்லை என்று சொல்லி வெளியே அனுப்பி வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் ஊன ஓய்வூதியத்துக்கு மேல்முறையீடு செய்திருந்தால் இங்கே எழுதுங்கள். ஜெயித்தது, தோற்றது எதுவானாலும் சரி. நானே ஆரம்பிக்கிறேன்.

அடிவாரத்து மகள்

அப்பா 1993-ல் கோவையில் நடந்த ஆள்சேர்ப்பில் தேர்வாகிப் போனார். 2001-ல் திரும்பி வந்தார். யூனிட்டிலிருந்து இரண்டு பேர் சேலம் ஜங்ஷன் வரைக்கும் கூட்டி வந்து, பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிட்டார்களாம். அப்போது எனக்கு நான்கு வயது. என் நினைவில் இருப்பது கூடவே வந்த கறுப்பு டிரங்குப் பெட்டிதான். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் அப்பாவின் நம்பரும் பேரும் எழுதியிருக்கும்.

கேட்டவர்களிடமெல்லாம் பாட்டி "முதுகுல அடி, போர்டு அவுட் பண்ணிட்டாங்க" என்றே சொல்லி வந்தார். பெட்டிச் சாவி அவர் சுருக்குப்பையில் பாக்குத்தூளோடு கிடக்கும். 2016-ல் பாட்டி போன பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தோம். ரசகற்பூர வாசனை. ஒரு கம்பளி, ஒரு பெல்ட், டிஸ்சார்ஜ் புத்தகம், பழுப்பேறிய மெடிக்கல் போர்டு நகல்.

அதில் நோயின் பேர் மனச்சிதைவு. ஊனம் 40 சதவீதம், இரண்டு வருடத்துக்கு. அடுத்து கட்டம் போட்டுக் கேள்விகள். பணியால் வந்ததா? இல்லை. பணியால் அதிகமானதா? இல்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரி: இயல்பிலேயே உள்ள கோளாறு, பணியோடு தொடர்பில்லை. எட்டு வருடத்தில் இரண்டு வருடம் காஷ்மீர் எல்லையில், குப்வாராவில் இருந்திருக்கிறார். 1999-ல் தாத்தா இறந்தபோது லீவு கிடைக்காமல் கருமாதி முடிந்து ஒன்பதாம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது என்பார் அம்மா. அந்த ஒரு வரியில் இதில் எதுவுமே இல்லை.

அதன் அடியில் 2002-ம் வருடக் கடிதம் ஒன்று. பணியோடு தொடர்பில்லை என்பதால் ஊன ஓய்வூதியம் நிராகரிக்கப்பட்டது, ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. யாரும் செய்யவில்லை. பெரியப்பாவிடம் கேட்டேன். "மனுவுல அந்த நோவோட பேரை எழுதணுமேம்மா. அப்ப உங்க அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்தோம்" என்றார். கோபப்படத் தோன்றவில்லை. அத்தை கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது.

சேலத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் எங்கள் காகிதத்தைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சேரும்போது எடுத்த மெடிக்கல்ல இந்த நோய் இருக்குன்னு எழுதியிருக்கா?" இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதை அவர்தான் விளக்கினார். சேரும்போது உடம்பும் மனதும் நன்றாக இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று காட்டும் பொறுப்பு படையினுடையது, சிப்பாயுடையது இல்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. அது வலிப்பு நோய் வழக்கு. அதே வருடம் வந்த வீர்பால் சிங் வழக்கு மனச்சிதைவு பற்றியது. 1977-ல் வெளியே அனுப்பப்பட்டவரை மறுபடி மருத்துவ போர்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லி உத்தரவிட்டார்கள்.

முதல் மேல்முறையீட்டை அனுப்பினோம். ஆறு மாதமாகப் பதிலே இல்லை. பதில் வராமல் ஆறு மாதம் ஆனால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார்கள். 2017-ல் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் மனு போட்டோம். விசாரணைக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும் முன்னே சென்ட்ரல். எத்தனை தடவை அந்த பிளாட்பாரத்தில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தோம் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

தீர்ப்பாயம் மறுபரிசோதனை போர்டுக்கு அனுப்பியது. அதுதான் எனக்கு மறக்காத விஷயம். கிளம்புவதற்கு முன் தெரிந்தவர் ஒருவர் "மூணு நாள் மாத்திரை குடுக்காம கூட்டிட்டுப் போ, அப்பத்தான் நோய் தெரியும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மாத்திரை இல்லாத அப்பாவை அவர் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். வேளை தவறாமல் கொடுத்தே கூட்டிப் போனேன். அன்றைக்கென்று அப்பா நாலு மணிக்கே எழுந்து சவரம் செய்து, சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, ஷூவை எச்சில் தொட்டுப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். டாக்டர் முன்னால் விறைப்பாக நின்று, நம்பர், ரேங்க், பேர் எல்லாம் தடுமாறாமல் ஒப்பித்தார். போச்சு, குணமாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் பதினைந்து வருட மருந்துச் சீட்டுகளைக் கேட்டார். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். 40 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதினார்கள்.

2019-ல் உத்தரவு வந்தது. ஊன ஓய்வூதியம் கொடுக்கவும், 40 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடவும் சொன்னார்கள். நிலுவைத் தொகை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் போன பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் போனதுதான்.

ஓமலூர் பழைய கிளார்க்

தங்கச்சி, படித்தேன். நான் 24 வருடம் கிளார்க் வேலை பார்த்தவன். நீங்கள் சொன்ன ஒற்றை வரியை டைப் அடித்த கைகளில் என் கையும் ஒன்று. உங்கள் அப்பா யூனிட் இல்லை, ஆனால் அதே வரி.

ஒருவரை மனநல டாக்டரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 10 என்போம். ஆள் எப்படி இருந்தான், எப்போதிலிருந்து மாற்றம், வேலையில் என்ன நெருக்கடி, வீட்டில் என்ன பிரச்சினை என்று அதில் வர வேண்டும். நடந்தது என்ன தெரியுமா? போன கேஸின் தாளை எடுத்து நம்பரையும் பேரையும் மாற்றி அடிப்போம். 'பணியில் அசாதாரண மன அழுத்தம் ஏதுமில்லை' என்ற வாக்கியம் அப்படியே இருக்கும். ராத்திரி அம்புஷில் (எதிரிக்காகப் பதுங்கியிருப்பது) கிடந்து வந்தவனுக்கும் அதேதான். சாகிப் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளை நம்பித்தான் போர்டு 'தொடர்பில்லை' என்று எழுதும். அன்றைக்கு இதன் கனம் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை.

அதனால் மனு போடுகிறவர்கள் போர்டு நகலோடு நிற்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் 10-ம் நம்பர் தாளையும், சேரும்போது எடுத்த மெடிக்கல் பாரத்தையும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே பணி என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். களப்பகுதி, உயரமலை, தீவிரவாத எதிர்ப்புப் பணி நடக்கும் இடத்தில் நோய் ஆரம்பித்திருந்தால் அந்தத் தேதிகள்தான் உங்கள் வழக்கு. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணத்தை 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். 2001, 2002-ல் வந்தவர்கள் இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எஸ்-5 என்று இருந்தால் பயப்படாதீர்கள். உடல்தகுதிக்கு ஐந்து எழுத்து, அதில் எஸ் மனநிலை. 1 என்றால் முழுத் தகுதி, 5 என்றால் படைக்குத் தகுதியில்லை. அவ்வளவுதான் அர்த்தம். ஊரில் சொல்லும் அர்த்தம் அதற்குக் கிடையாது. இன்னொன்று: 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதிகள் புதியவை. பழைய தீர்ப்பை அப்படியே நீட்டினால் செல்லாமல் போகலாம்.

தங்கச்சி, முடிந்தால் நான் எழுதியதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

நாகலூர் தம்பி

எங்கள் கதை வேறு மாதிரி. அண்ணனுக்கு மெடிக்கல் போர்டே நடக்கவில்லை.

லீவில் வருவான், திரும்பிப் போகமாட்டான். காப்பிக்களத்து ஓரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். இன்னொரு லீவில் நேர்மாறாக, ராத்திரி பகல் தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பான், கையில் இருக்கும் காசை எல்லாம் வாரிக் கொடுப்பான். அம்மா கோயில் கோயிலாகக் கூட்டிப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலத்தில் டாக்டர் இருக்கிறார். எங்கள் யாருக்கும் அது டாக்டர் விஷயம் என்று தோன்றவே இல்லை. நாள் கடந்து யூனிட்டுக்குப் போவான், தண்டனை கொடுப்பார்கள், ஒரு ரெட் இங்க் என்ட்ரி (சேவைப் பதிவில் சிவப்பு மையில் எழுதும் தண்டனைக் குறிப்பு) விழும். நாலு விழுந்தது. 2011-ல் 'சேவை இனித் தேவையில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். நோயாளி என்று எழுதவில்லை, ஒழுங்கில்லாதவன் என்று எழுதினார்கள். பென்ஷனும் இல்லை, கேன்டீன் கார்டும் இல்லை. செக்யூரிட்டி வேலைக்குப் போனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்துவிடுவார்கள்.

2013-ல் சேலம் அரசு மருத்துவமனையில் இருமுனைக் கோளாறு என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் பழைய அண்ணன் பாதி திரும்பி வந்தான். 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில், நாலு ரெட் இங்க் விழுந்தாலே தானாக வெளியே அனுப்பிவிட முடியாது, முறையான விசாரணை வேண்டும், எத்தனை வருடச் சேவை, எங்கே கஷ்டப்பட்டான் என்பதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து மனு போட்டோம். தள்ளுபடி. நோய்க்கான முதல் காகிதமே டிஸ்சார்ஜுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் இருக்கிறது என்றார்கள். மந்திரித்த கயிறுக்கு ரசீது ஏது?

மறுபடி போட்டிருக்கிறோம். இந்தத் தடவை லீவில் வந்த காலத்தில் அவனைப் பார்த்த பள்ளிக்கூட வாத்தியார், பஸ் கண்டக்டர் எல்லாரிடமும் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது. லீவில் வந்த பையன் வீட்டில் இப்படி மாறி இருந்தால் அன்றைக்கே அரசு டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி, யூனிட்டுக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு அது ஒன்றுதான் இல்லாமல் போனது.

மேச்சேரிக்காரன்

எங்களுடையதும் தள்ளுபடிதான். மாமா, மனச்சிதைவு. 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி நோயைச் சேரும்போது சாதாரணப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே பணியால் வந்தது என்று தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. எதிர்த்தரப்பு அதைத்தான் நீட்டினார்கள். தரம்வீர் சிங் பேரைச் சொன்னால் போதும், காசு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில் அதே மனச்சிதைவுக்கு, போர்டு காரணம் எழுதாமல் அனுப்பியது செல்லாது என்று ஓய்வூதியம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமா போர்டு நகலை மறுபடி தேடிக்கொண்டிருக்கிறோம். அத்தை எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறாராம். எங்கே என்றுதான் ஞாபகமில்லை.

ஆத்தூர் அம்மா

என் வீட்டுக்காரர் 2008-ல் இதே மாதிரி வந்தவர். மகளுக்கு வரன் பார்க்கிறோம். மனு போட்டால் பேர் வெளியே தெரியுமா?

அடிவாரத்து மகள்

அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பாய உத்தரவுகளை இணையத்தில் போடுகிறார்கள், அதில் பேர், நம்பர் எல்லாம் இருக்கும். தேடுகிறவர்கள் கண்ணில் படும். எனக்கு வரன் பார்த்தபோது நானே முதலில் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டார் ஜாதகம் பொருந்தவில்லை என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள், பொருந்திய பிறகு. இன்னொரு வீட்டார் அப்பாவுக்கு மருந்து எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். அங்கேதான் இப்போது இருக்கிறேன். உங்கள் மகளிடமே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். காத்திருந்தால் நிலுவை மாதா மாதம் கரைகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். பென்ஷன் வந்ததால் அப்பாவுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் கிடைத்தது. பணத்தைவிட எங்களுக்கு அது பெரிது, மருந்துக்குக் கடையில் கடன் சொல்வது நின்றது.

ஓமலூர் அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கொஞ்ச நேரம் வாசலில் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "கிளார்க்கா? 99-ல நான் குடுத்த லீவு அப்ளிகேஷன் எந்த டிரேல கிடக்குதுன்னு கேளு" என்றார்.